சுவரில் கைகள் போட்ட கோடு

என் செல்லச் சின்னவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் அக்காவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் படித்தால்தான் எனக்கு நிம்மதி, போனில் நீ சொல்லும் "நல்லாத்தான் இருக்கேன்" என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி வருகிறது போகிறது, தையல் மெஷினுக்கு மோட்டார் வைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறாள், மோட்டார் தன் பேச்சைக் கேட்காதாம். அக்காவுக்கு ஆபீஸில் ஜன்னலோர மேஜை கிடைத்திருக்கிறது, அதைச் சொல்வதற்கே இரண்டு முறை போன் செய்தாள். மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. பிளம்பர் வந்து அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குழாய்மேல் தப்பில்லை, தண்ணீர்தான் வேகமாக வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதக் கடைசியில் நீ போனில் அழுதாய். அழவில்லை, சளி என்றாய், சரி, சளி என்றே இருக்கட்டும். பெரிய கட்டடத்துக்குள் வருகிறவர்கள் தவிக்காமல் போய்ச் சேர ஏதாவது ஒன்றை வடிவமைக்க வேண்டும், அதற்கு முன்னால் பார்த்தது கேட்டது மனதில் தைத்தது எல்லாவற்றையும் சேகரித்து ஒரு பலகையில் ஒட்ட வேண்டும், வகுப்பில் எல்லோர் பலகையும் நிரம்பிவிட்டது, உன்னுடையது மட்டும் வெறுமையாக இருக்கிறது, இந்தப் படிப்பே உனக்கு ஒத்துவரவில்லையோ என்று கேட்டாய். நானும் விடாமல், இருபது வருடமாக ஆஸ்பத்திரி விசாரணை மேஜையில் உட்கார்ந்து வழி சொல்கிறவன் உன் அப்பா, உனக்கு என்னைவிட நல்ல ஆள் எங்கே கிடைப்பான் என்று பெருமையடித்துக்கொண்டேன். மறுநாளே எங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிற பெயர்ப்பலகை, அம்புக்குறி அத்தனையையும் போனில் பிடித்து நாற்பத்தொரு படம் அனுப்பினேன். அதற்கு நீ எழுதிய பதில் எனக்கு மனப்பாடம். போர்டு வேண்டாம்பா, ஆளுங்களைப் பாருங்க, மேஜையை விட்டு எழுந்து அவங்க பின்னாடியே போங்க, பேசக் கூடாது, உதவக் கூடாது, முகத்தைப் படம் எடுக்கக் கூடாது, பேர் எழுதக் கூடாது, பார்த்ததை மட்டும் எழுதுங்க. ஒரே மூச்சில் நாலு 'கூடாது'. இவள் நான் பெற்ற பெண்ணா, என் மேலதிகாரியா என்று அம்மாவிடம் இரண்டு நாள் பொருமினேன். அம்மா துணியிலிருந்து தலையைத் தூக்காமல், "போய்த்தான் பாருங்களேன், உக்காந்து உக்காந்து நாற்காலிக்கே உங்க உருவம் வந்துடுச்சு" என்றாள்.

போனேன். என் மேஜையிலிருந்து பார்த்தால் வாசல் தெரியும், டோக்கன் வரிசை தெரியும், அதற்கப்புறம் ஒரு பருத்த தூண். வழி கேட்டவர் தலையாட்டிவிட்டு அந்தத் தூணைச் சுற்றி மறைந்ததும் அவர் வேலை முடிந்தது, என் வேலையும் முடிந்தது. இப்படித்தான் இருபது வருடம். முதல் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேஜையைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, ஸ்கேன் எங்கே என்று கேட்ட ஒரு பெரியவரின் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நடந்தேன். நேராகப் போய் தூண் அருகே இடது, லிஃப்டைத் தாண்டி இரண்டாவது வலது, நீலக் கதவு என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன், அவரும் சரிங்க சரிங்க என்று நன்றாகத் தலையாட்டினார். தூணைத் தாண்டியதும் நின்றுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி உதடு அசைந்தது. சீட்டைத் திருப்பிப் பார்த்தார், தலைகீழாகப் பிடித்தும் பார்த்தார், அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவரிடம் முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அன்றைக்கும் மறுநாளுமாகப் பதினாலு பேரின் பின்னால் போனேன், பதினோரு பேர் அந்தத் தூணுக்குப் பின்னால் அப்படித்தான் நின்றார்கள். நான் சொன்னது புரிந்துதான் தலையாட்டுகிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மேஜைக்குப் பின்னால் இருக்கிற ஆளுக்கு மரியாதையாக ஆட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிடுமோ என்ற பயத்தோடு வருகிற மனிதருக்கு என் இடதும் வலதும் எங்கே ஏறும். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன், அம்மா திட்டினாள்.

தூணைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஐந்து நடைவழிகள் வந்து சேருகிற ஒரு முக்கு இருக்கிறது. அங்கே தரை துடைக்கிற ஒரு பெண்மணி, வயது நாற்பது நாற்பத்திரண்டு இருக்கும், எல்லோரும் பக்கெட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் பக்கெட் இல்லாமல் நடந்து யாரும் பார்த்ததில்லை. தினமும் என் மேஜையைத் தாண்டிப் போகிறவர்தான், ஈரத் தரையில் மிதிக்காதீங்க சார் என்பதைத் தவிர என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் பேசியதில்லை. மூன்றாம் நாள் கவனித்தேன், வழி தவறுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் அவரிடம்தான் வந்து சேருகிறார்கள். அவர் கேட்பதும் இல்லை, வருகிறவரின் கையைப் பார்க்கிறார், கையில் என்ன இருக்கிறது, ஃபிலிம் கவரா, சின்னக் கண்ணாடிக் குப்பியா, குழந்தையா, மாற்றுத் துணியா என்று. பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொல்கிறார். "அங்க தண்ணி கொட்டுற சத்தம் கேக்குதா, அது வரைக்கும் போங்க. அங்க போய் யாரையாவது கேளுங்க." அவ்வளவுதான். அவர்களும் நேராகப் போய்விடுகிறார்கள், நின்று யோசிப்பதில்லை. நான் பேசக் கூடாது என்ற உன் சட்டத்தை அன்றைக்கு மீறிவிட்டேன், ஏன் முழு வழியையும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு சொன்னா ரெண்டும் போயிடும் சார், ஒண்ணு சொன்னா ஒண்ணாவது நிக்கும்" என்றார். அப்புறம் மாப்பைப் பிழிந்துகொண்டே, மேலே தொங்குகிற பலகையெல்லாம் யாருக்காக சார் என்று கேட்டார். பயந்து வர்றவங்க மேல பாக்க மாட்டாங்க, தரையைத்தான் பாத்துட்டு வருவாங்க, நான் தரையிலயே இருக்கறவ, எனக்குத் தெரியும் என்றார். நோட்டில் அதை எழுதிவிட்டு ஒரு தடவைக்கு இரண்டு தடவை அடிக்கோடு போட்டேன். நாற்பத்தொரு படமும் அண்ணாந்து எடுத்தவை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அடுத்து எழுதப்போவதை நீ உட்கார்ந்து படி. போன செவ்வாய்க்கிழமை மதியம், மேஜையை விட்டு எழுகிற நேரத்தில் ஒரு இளைஞர் வந்தார், டைல்ஸ் ஒட்டுகிறவர், முழங்கை வரைக்கும் சிமென்ட் காய்ந்திருந்தது, கையில் மூடி போட்ட வெள்ளை டப்பா. பிரசவத் தியேட்டர் எங்கே என்று கேட்டார். அந்த நேரத்தில் டப்பாவோடு வருகிறவர்கள் எல்லோரும் சாப்பாடு கொண்டுவருகிறவர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். வழக்கம்போலச் சொன்னேன், வழக்கம்போலத் தலையாட்டினார், நோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். இரண்டாவது வலதில் திரும்பவில்லை என்று எழுதினேன். மூன்றாவதில் திரும்பினார் என்று எழுதினேன். நின்றார், வேர்க்கிறது, திரும்பி வருகிறார், டப்பாவைத் திறந்து பார்த்தார், உள்ளே ஐஸ், ஐஸுக்கு நடுவில் சிவப்பாக ஒரு பை என்று என் பேனா எழுதிக்கொண்டே போயிற்று. எழுதி முடித்த பிறகுதான் எழுதியது என்னவென்று எனக்கு உறைத்தது. அது ரத்தப் பை, சின்னவளே. அவருடைய மனைவி ஆபரேஷன் மேஜைமேல் கிடக்கிறார், இவர் கீழே ரத்த வங்கியிலிருந்து வாங்கிக்கொண்டு ஓடுகிறார், நான் பின்னால் நின்று அவர் வழி தவறுவதை அழகாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். உன்மேல் தப்பில்லை, நீ சொன்னது நல்ல சட்டம்தான், கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாதவன் கையில் அது கிடைத்துவிட்டது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, வாங்க தம்பி நான் கூட்டிட்டுப் போறேன் என்றேன். லிஃப்ட் அன்றைக்கு ஓடவில்லை, படிக்கட்டுக்குப் போனால் அங்கே பலகை அடித்து மூடியிருக்கிறது, பெயின்ட் வேலை. அந்தப் படியைத் தவிர மேலே போக வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நம்புவாயா. வாசலிலிருந்து மேஜை, மேஜையிலிருந்து கேன்டீன், சம்பள நாளில் நிர்வாக அலுவலகம், இந்த மூன்றைத் தவிர நான் அந்தக் கட்டடத்துக்குள் நடந்ததே இல்லை. மற்றதெல்லாம் வாய்ப்பாடு. புதுப்பெயின்ட் வாசனைக்கு நடுவில் இரண்டு பேரும் நின்றோம், அந்தப் பையன் என் சட்டையில் குத்தியிருந்த 'விசாரணை' என்ற அட்டையைப் பார்த்தார், டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

எங்கிருந்தோ பக்கெட்டக்கா வந்தார். டப்பாவைப் பார்த்தார், மாப்பைக் கீழே போட்டார், "என் முதுகைப் பாத்துட்டே வாங்க" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார், நடை இல்லை, ஓட்டமும் இல்லை, அப்படி ஒரு வேகம். துணி வெளுக்கிற அறைக்குள் புகுந்து, ஆவி பறக்கிற தள்ளுவண்டிகளுக்கு நடுவில் போய், ஒரு சரிவான நடைவழியில் ஏறி, புதிதாக வெள்ளையடித்த ஒரு நீளமான இடத்தில் ஒரு பலகை இல்லை, ஒரு எண் இல்லை, எல்லாக் கதவும் ஒரே கதவு, அதில் ஐந்தாவது கதவின் முன்னால் போய் நின்றார். நர்ஸ் எட்டிப் பார்த்து, எங்க போயிட்டீங்க என்று டப்பாவைப் பறித்துக்கொண்டு கதவைச் சாத்தினார். அந்தப் பையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன், மேஜைக்கு யார் பதில் சொல்வது என்ற நினைப்பே வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து அதே நர்ஸ் வந்து, பெண் குழந்தை, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, இன்னும் கொஞ்சம் போயிருந்தா கஷ்டமாயிருக்கும் என்றார். அந்தப் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி நன்றி என்றார். எனக்குக் கூசிவிட்டது, இவருக்குச் சொல்லுங்க என்று திரும்பினால் பக்கெட்டக்கா எப்போதோ மாப்பை எடுக்கப் போய்விட்டார்.

சாயங்காலம் அவரைத் தேடிப்போய், பலகையே இல்லாத இடத்தில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டார். பலகை இருந்தா மட்டும் எனக்கு என்ன சார், எனக்குப் படிக்கவா தெரியும் என்றார். வேலைக்குச் சேர்ந்த மாதம் தினமும் பக்கெட்டோடு தொலைந்துபோவாராம், சூப்பர்வைசர் ஆள் விட்டுத் தேடுவாராம். அப்புறம்தான் இதைப் பிடித்தேன் என்று என்னைச் சுவரோரம் கூட்டிப்போய்க் காட்டினார். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, சுவர் நெடுக, ஒரு சாம்பல் பழுப்புக் கோடு. நான் இருபது வருடமாக அழுக்கு என்று பார்த்த அதே அழுக்கு. "எல்லாரும் வச்ச கை சார் இது" என்றார். மயக்கத்தில் நடந்தவர்கள், ஆபரேஷன் முடிந்து முதல்முதலாக எழுந்து நடந்தவர்கள், வலியில் பிடித்துக்கொண்டவர்கள், எல்லோரும் சுவரைத் தொட்டுக்கொண்டு போன வழி. தொடைக்கச் சொல்லுவாங்க, நான் கொஞ்சம் விட்டுத்தான் தொடைப்பேன் என்றார். எக்ஸ்ரேவுக்குப் போகிற கோடு தாழ்வாக இருக்கிறது, கால் உடைந்தவர்கள் குனிந்து போவதால். ரத்தப் பரிசோதனை பெஞ்சுக்கு மேலே வரிசையாக ஐந்து எண்ணெய் வட்டங்கள், காத்திருந்தவர்கள் தலை சாய்த்த இடம். தீவிர சிகிச்சைக் கதவருகே கோடே கிடையாது, கதவுக்கு இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவில் கறுப்பு, நின்றவர்கள் நகராமல் நின்ற இடம். கண்ணை மூடிக்கிட்டு வாங்க சார் என்றார். மூடிக்கொண்டு கையைச் சுவரில் வைத்து நடந்தேன். மேலேயும் கீழேயும் சொரசொரப்பு, அந்தக் கோடு மட்டும் வழவழவென்று, தேய்த்துத் தேய்த்து மழமழப்பாகிப்போன மாதிரி. எத்தனை ஆயிரம் பேர் கை, ஒருவர் பெயரும் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லாத கை. எனக்கு ரோமம் சிலிர்த்துவிட்டது சின்னவளே, ஐம்பத்தெட்டு வயதில் ஒரு சுவரைத் தொட்டுக் கண் கலங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். வெள்ளையடித்த இடத்தில் மட்டும் கோடு போய்விட்டதே, அங்கே எப்படி என்றேன். "கதவை எண்ணி வச்சிருந்தேன் சார், அடிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும். திங்கக்கிழமை இந்தப் பக்கமும் அடிக்கிறாங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிர்வாக அதிகாரியிடம் போய், சுவரில் இருக்கும் அழுக்கை அளந்துகொள்ள ஒரு நாள் அனுமதி வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், எந்த வார்டில் சேர்க்கலாம் என்று யோசித்த மாதிரி இருந்தது, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் செய்துகொள் என்றார். பெயின்ட் மேஸ்திரியும் சாரம் கட்டுவதை ஒரு நாள் தள்ளிவைத்தார், என்னதான் செய்கிறான் பார்ப்போம் என்றுதான். அம்மா தையலுக்கு அளவு வரைகிற தன் பட்டர் பேப்பர் சுருள், அளவு டேப், மார்க்கிங் சாக்பீஸ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்தாள், துணி வெட்டுகிற கை, கோட்டின் மேல் விளிம்பு கீழ் விளிம்பு இரண்டையும் தாளில் அப்படியே எடுத்துவிட்டாள். பக்கெட்டக்கா வார விடுமுறையை விட்டுவிட்டு வந்து, எது எந்த இடத்துக்குப் போகிற கோடு என்று சொல்லச் சொல்ல நான் ஓரத்தில் எழுதினேன். அவருக்கு எழுத்து தெரியாததால், நான் எழுதியதற்குப் பக்கத்தில் அவரே சின்னச் சின்னதாகப் படம் போட்டார், குழாய், கட்டில், பை, கை. மேஸ்திரி கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், பிறகு தானே தாளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். மொத்தம் பதினேழு சுருள், இந்தக் கடிதத்தோடு தனிப் பார்சலில் வருகிறது, நனையாமல் பிளாஸ்டிக் சுற்றியிருக்கிறேன், கத்தியால் பிரிக்காதே.

கடைசியாகக் குழந்தைகள் வார்டுக்குப் போகிற வழிக்கு வந்தோம். அங்கே ஒரு கோடு இல்லை, இரண்டு. மேலே பெரியவர்கள் கை, கீழே சின்னதாக, விட்டு விட்டு, பிள்ளைகள் கை. அம்மா துண்டை மடித்துப் போட்டு முழங்காலில் உட்கார்ந்து அளந்தாள், ரெண்டடி நாலு இன்ச் என்றாள். நான் எழுதிக்கொண்டேன். அவள் எழுந்திருக்கவில்லை, வலிக்கிறதாக்கும் என்று கை கொடுத்தேன். கையைப் பிடிக்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். உனக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்து கண் சொருகிப்போய் ஒரு நாள் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள், நான் அப்போதுதான் வேலையில் சேர்ந்த புதிது, எதிரே நீள வரிசை, எழுந்து போனால் என்ன சொல்வார்களோ என்று, மற்றவர்களுக்குச் சொல்வது போலவே அவளுக்கும் உட்கார்ந்த இடத்திலிருந்தே வழி சொன்னேன். ஐந்து நிமிடத்தில் டாக்டரிடம் போய்ச் சேர்ந்திருப்பாள் என்றுதான் இந்த இருபது வருடமும் நினைத்திருந்தேன். "முக்கால் மணி நேரம் சுத்தினேன்" என்றாள். "நீங்க சொன்னது ஒண்ணும் மண்டையில ஏறல. திரும்பி உங்ககிட்டயே வந்தேன். தூண் பக்கத்துல நின்னு பாத்தேன், அத்தனை பேருக்கும் நீங்க எவ்வளவு நல்லா பதில் சொல்லிட்டு இருந்தீங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு. தொந்தரவு பண்ண மனசு வரல." அப்புறம் யாரோ ஒரு அம்மாள், வார்டில் இருந்த பிள்ளைக்குப் பால் வாங்கப் போனவராம், இவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டிருக்கிறார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லி என்ன பண்றது, பிள்ளைதான் நல்லாயிடுச்சே என்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில் அந்தத் தரையிலேயே உட்கார்ந்தேன். மேஸ்திரியும் பக்கெட்டக்காவும் அந்தப் பக்கம் போய் எதையோ பார்ப்பது போல நின்றுகொண்டார்கள்.

திங்கட்கிழமை பெயின்ட் அடித்துவிட்டார்கள். மேஜையைத் தூணுக்கு அந்தப் பக்கம் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். இப்போதெல்லாம் ஒன்றுதான் சொல்கிறேன், கைக்குழந்தையோடு யாராவது வந்தால் எழுந்து கூடவே போகிறேன், வரிசையில் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். நேற்றுப் பார்த்தேன், ஈரம் காயாத புதுச்சுவரில் யாரோ கை வைத்திருக்கிறார்கள், ஐந்து விரலும் பதிந்திருக்கிறது.

நீ என்ன செய்யப் போகிறாயோ எனக்குத் தெரியாது, அந்த அறிவு உனக்குத்தான் இருக்கிறது. எதைச் செய்தாலும் படிக்கத் தெரியாதவருக்கும், அழுதுகொண்டு வருகிறவருக்கும் முதலில் காட்டு. செய்ததும் மாதிரி ஒன்றை இங்கே அனுப்பு, சரியில்லைன்னா முகத்துக்கு நேரா சொல்லிடுவேன் என்று பக்கெட்டக்கா சொல்லச் சொன்னார். அவர் பெயரை உன் வகுப்புப் பலகையில் போடுவதானால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடு. வேளைக்குச் சாப்பிடு, பையை ஒரே தோளில் தொங்கவிடாதே, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. படிப்பு ஒத்துவரவில்லையோ என்ற பேச்சை இனி எடுக்காதே, நீ பார் என்று சொன்னதால்தான் நான் பார்த்தேன். நீ நினைத்ததெல்லாம் கைகூடி, மனமும் உடம்பும் திடமாக, நாலு பேருக்கு உதவுகிற கையாக நீ நெடுநாள் இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம்.

ஒன்றை மறந்துவிடாதே. குழந்தைகள் வார்டுக்குப் போகிற வழியில் அம்மா சொன்னதை உனக்கு எழுதினேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். அடுத்த முறை போன் செய்யும்போது என்னிடம் பேசுவதற்கு முன்னால் அவளிடம் பேசு, பேச்சு முடிந்தாலும் அவள் வைக்கிற வரைக்கும் நீ வைக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா